மூன்று இரவு சஃபாரி: மாராவா, அம்போசெலியா, நொறுங்கோரோவா, குரூகரா?

ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு ஒரு சின்னப் பயணம், மொத்தம் மூன்று இரவு, கூட ஒரு வழிகாட்டி. இப்படித் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கையில் நான்கைந்து ஏஜென்சிகளின் விலைப்பட்டியல் இருக்கும். எல்லாவற்றிலும் அதே சிங்கம், அதே சூரிய அஸ்தமனம். விலை மட்டும் மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறி இறங்கும். எதற்காக அந்த வித்தியாசம் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

பத்து நாள் இருந்தால் எங்கே போனாலும் மனம் நிறைந்து திரும்பலாம். ஒரு நாள் மழையில் போனாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். மூன்று இரவில் அந்த வசதி கிடையாது. அதனால் பூங்காவின் பெயரையும் விடுதியின் படங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒன்றை மட்டும் எண்ணச் சொல்வேன்: இந்தத் திட்டத்தில் எத்தனை விடியற்காலை காட்டுக்குள் கிடைக்கிறது?

சிங்கம் ஒரு நாளில் இருபது மணிநேரம் வரை படுத்தே கிடக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. புல்வெளி நடமாடுகிற நேரம் இவ்வளவுதான். நடுப்பகலில் வெயில் ஏறியதும் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். மூன்று இரவுக்கு அதிகபட்சம் மூன்று விடியல். பயணத்திட்டம் சரியில்லை என்றால் அது ஒன்றாகச் சுருங்கிவிடும். “மூன்று இரவில் மூன்று பூங்கா” என்று விற்கப்படும் திட்டங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் பார்ப்பதைவிட நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருப்பதே அதிகம்.

## எதை வைத்து எடைபோடுவது

விடியல் கணக்குக்கு அடுத்தது வண்டி. ஜன்னல் ஓர இருக்கை எல்லோருக்கும் உண்டா, கூரை திறக்குமா, முன்பின் தெரியாதவர்களோடு பகிர வேண்டுமா? ஆறு பேர் இருக்கிற வண்டியில் நால்வருக்குச் சிங்கம் போதும் என்று ஆகிவிட்டால், பறவை பார்க்க வந்தவர் வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதுதான்.

மூன்றாவது, அந்த நிலத்தின் விதி. பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் ஓட்டலாமா, இருட்டிய பிறகு சுற்றலாமா, நடந்து போகலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பட்டியலில் பெரும்பாலும் எழுதாத விஷயம் இது. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

நான்காவது மொத்தச் செலவு. நுழைவுக் கட்டணம், வண்டிக் கட்டணம், வழிகாட்டிக்கான டிப்ஸ், உள்ளூர் விமானம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். கடைசியாக, வருகிறவர்களின் உடல். குழந்தையா, முதுகுவலியா, ஆஸ்துமாவா என்பதைப் பொறுத்துத் தேர்வே மாறிவிடும்.

| தேர்வு | போய்ச்சேரும் நேரம் | கிடைக்கும் விடியல் | பாதையை விட்டு இறங்கலாமா | இரவுச் சுற்று |
|---|---|---|---|---|
| மாசாய் மாரா (கென்யா), சாலை வழி | நைரோபியிலிருந்து 5–6 மணிநேரம் | இரண்டு, மூன்றாவது அரைகுறை | கூடாது | இல்லை |
| மாராவை ஒட்டிய கன்சர்வன்சி (மாசாய் மக்களின் குத்தகை நிலம்), விமானம் | நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணிநேரம் | மூன்று | பெரும்பாலும் உண்டு | உண்டு |
| அம்போசெலி (கென்யா), சாலை வழி | நைரோபியிலிருந்து 4–5 மணிநேரம் | இரண்டு, மூன்றாவது அரைகுறை | கூடாது | இல்லை |
| தரங்கிரே, நொறுங்கோரோ (தான்சானியா) | அருஷாவிலிருந்து 2–3 மணிநேரம் | இரண்டு | கூடாது | நொறுங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இல்லை |
| சாபி சாண்ட், குரூகர் அருகே (தென்னாப்பிரிக்கா) | ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணிநேரம் | மூன்று | உண்டு | உண்டு |

## மாசாய் மாரா, சாலை வழியாக

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணமும் இருக்கிறது. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காப்பகத்தில் ஆண்டு முழுவதும் சிங்கம் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடந்து வருகிறது. அந்த இடப்பெயர்ச்சியில் சேர்பவை பத்து லட்சத்துக்கும் மேல்.

நைரோபியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறங்கி, மாய் மாஹியு, நாரோக் வழியாக மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச்சேரலாம். அந்த இறக்கத்தில், இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்க் கைதிகள் கட்டிய குட்டித் தேவாலயம் ஒன்று சாலையோரம் இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். முதல் நாள் மாலை ஒரு சுற்று, அப்புறம் இரண்டு முழு நாள். நான்காம் நாள் காலையில் அவசரமாக ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மறைந்திருக்கும் செலவு நுழைவுச்சீட்டில் இருக்கிறது. 2024 முதல் மாராவின் சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணிநேரத்துக்குத்தான் செல்லும். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மாலை நான்கு மணிக்கு உள்ளே போய் இரண்டு மணிநேரம் சுற்றினாலும் முழுச்சீட்டு எடுக்க வேண்டும்.

இருவருக்கு ஆகஸ்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலுக்கு வெளியே தங்கி நான்கு நாளும் உள்ளே போனால் சீட்டுக்கு மட்டும் 1,600 டாலர். காப்பகத்துக்குள்ளேயே தங்கினால் மூன்று நாள் சீட்டு போதும், 1,200 டாலர். கிளம்புகிற நாளில் காலை பத்து மணிக்குள் வெளியேறினால் நான்காவது சீட்டு தேவையில்லை, அதற்கு முன் ஒரு விடியல் சுற்றும் கிடைத்துவிடும். வெளியே தங்கி, முதல் மாலையையும் கடைசிக் காலையையும் விட்டுவிட்டு, நடுவில் வரும் இரண்டு முழு நாளை மட்டும் உள்ளே செலவழித்தால் 800 டாலர். வாசலுக்கு வெளியே இருக்கும் மலிவு விடுதி பல சமயம் மலிவே இல்லை என்பது இந்தக் கூட்டலில்தான் தெரியும். விலைப்பட்டியல் வந்ததும் “எத்தனை நாள் சீட்டு சேர்த்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு நாள் சீட்டை மட்டும் சேர்த்துவிட்டு விலையைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது வண்டி. பிறரோடு பகிர்கிற பயணங்களில் கூரை தூக்கும் வேன்தான் பெரும்பாலும் வரும். உலர்ந்த மாதங்களில் அது போதும். மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலத்தில் மாராவின் கரிசல் மண் கூழாகிவிடும், வேன் சிக்கிக்கொண்டால் அந்தக் காலைப்பொழுது போச்சு. லேண்ட் குரூசரைத் தனியாக எடுத்தால் ஓட்டுநர், டீசல் சேர்த்து நாளுக்கு 200 டாலரைத் தாண்டும். நான்கு பேர் பங்கிட்டால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

தனி வண்டியும் நல்ல வழிகாட்டியும் அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். கரையான் புற்றின் மேல் ஒரு டோப்பி மான் நின்றுகொண்டிருந்தது. மாராவில் அது தினமும் பார்க்கிற காட்சிதான். எங்கள் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த இன்னும் மூன்று டோப்பிகளைக் கையால் காட்டினார். நான்கும் ஒரே திசையில் முகத்தை வைத்து அசையாமல் நின்றன. அந்தத் திசையில் எங்கள் கண்ணுக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து அந்தப் புல்லுக்குள்ளிருந்து இரண்டு காது நிமிர்ந்தது. பெண் சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, எங்கள் வண்டியின் நிழலிலேயே வந்து படுத்தது. ரேடியோவில் யாரும் சொல்லவில்லை, வேறு வண்டியும் இல்லை. அவசரப்படுத்தும் ஆறு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்காது.

கூட்டம்தான் மாராவின் பெரிய குறை. ஆகஸ்டில் ஆற்றைக் கடக்கும் இடங்களில் டஜன் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு விலங்கின் அருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அது மதிக்கப்படாத நாட்களும் உண்டு. இதில் அதிகம் அடிபடுவது சிவிங்கிப்புலி (சீட்டா). அது பகலில் வேட்டையாடும் விலங்கு, அதுவும் நாம் சுற்றுகிற அதே நேரத்தில். 2018-இல் வெளியான மாரா ஆய்வு ஒன்று, சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை ஆளாக்கிவிடுகிறது என்றும், வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஐந்து தாய்க்கு ஒரு குட்டிதான் தேறுகிறது என்றும் காட்டியது. இதைப் படித்த பிறகு, “கூட்டம் இருந்தால் நாங்கள் தள்ளியே நிற்கிறோம், பக்கத்தில் போக வேண்டாம்” என்று முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். பல ஓட்டுநர்களுக்கு அதில் நிம்மதிதான். நெருங்கிப் போகாவிட்டால் பயணி கோபித்துக்கொள்வாரோ, டிப்ஸ் குறையுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் விதியை மீறுகிறார்கள்.

ஆற்றுக்கு மேற்கே இருக்கும் மாரா டிரையாங்கிள் பகுதியை 2001 முதல் ஒரு தனி அமைப்பு நிர்வகிக்கிறது. அங்கே பாதைகள் நன்றாக இருக்கும், விதிகளிலும் கண்டிப்பு அதிகம். நைரோபியிலிருந்து சாலையில் வருகிறவர்களுக்கு அது இன்னும் தூரம் என்பதால் மூன்று இரவில் எட்டாது, விமானத்தில் வந்தால் தாராளமாகப் போகலாம்.

ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு பிப்ரவரி. சீட்டு பாதி விலை, மழை குறைவு, வண்டிகளும் குறைவு. சிங்கம், சிறுத்தை, யானை எதுவும் மாராவை விட்டு எங்கும் போவதில்லை.

## மாரா, விமானத்தில், கன்சர்வன்சியில் தங்கி

காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சிகள் இருக்கின்றன. ஓல் கின்யெய், ஒலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, மாரா நார்த் ஆகியவை தெரிந்த பெயர்கள். நிலத்துக்காரர்களுக்கு மாதாமாதம் குத்தகைப் பணம் போகிறது. அதற்கு ஈடாக, இத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான் என்று வரம்பு வைத்துக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே தங்குகிறவர்களின் வண்டியைத் தவிர வேறு வண்டி உள்ளே வராது.

காப்பகத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். பாதையை விட்டு இறங்கலாம், இருட்டிய பிறகு விளக்கோடு சுற்றலாம், மாசாய் வழிகாட்டியோடு நடந்து போகலாம். வண்டியில் இருக்கும்போது யானைச் சாணம் வெறும் சாணம்தான். கீழே இறங்கி, அதில் ஈரம் இருக்கிறதா, வண்டு ஏறிவிட்டதா என்று வழிகாட்டி குச்சியால் கிளறிக் காட்டும்போதுதான் அந்த யானை எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்பது புரியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவர் நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார். அதைக் கண்டதும் நம் நடையும் தானாக மெதுவாகிவிடும்.

வில்சன் விமான நிலையத்திலிருந்து பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் போகின்றன. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் முகாமில் இருக்கலாம். திரும்பும் நாளிலும் விடியல் சுற்றை முடித்துவிட்டு விமானம் ஏறலாம். மூன்று இரவில் மூன்று விடியல், மூன்று மாலை முழுதாகக் கிடைக்கும். விலை அதிகம் என்று தள்ளிவிடுவதற்கு முன், காட்டுக்குள் இருக்கும் ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் முதலில் தெரிந்த அளவுக்கு இருக்காது.

பட்டியலில் கண்ணில் படாத சில விஷயங்கள் இதிலும் உண்டு. விமானத்தில் கைப்பையோடு சேர்த்துப் பதினைந்து கிலோதான், அதுவும் மடங்கும் துணிப் பையாக இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸை நைரோபியிலேயே விட்டுப் போக வேண்டும். சர்வதேச விமானம் இறங்கும் ஜோமோ கென்யாட்டாவும் வில்சனும் வேறு வேறு இடங்கள், நடுவில் நைரோபியின் போக்குவரத்து நெரிசல். இருவழிக் கட்டணம் ஒருவருக்கு 300 டாலரைத் தாண்டும். கன்சர்வன்சிக் கட்டணம் பெரும்பாலும் முகாம் விலையிலேயே சேர்ந்திருக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகக் காப்பகத்துக்குள் ஒரு நாள் போனால், அந்த நாளுக்கு 200 டாலர் சீட்டைத் தனியாகக் கட்ட வேண்டும்.

பலூன் பயணத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குச் சில நூறு டாலர் ஆகும், அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு விடியலை எடுத்துக்கொள்ளும். மூன்று இரவுப் பயணத்தில் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

ஐந்தாறு மணிநேரச் சாலையைத் தாங்காத பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும், புகைப்படம் எடுப்பதற்காகவே போகிறவர்களுக்கும் இதுதான் சரி. சின்னக் குழந்தைகள் இருந்தால் முகாமின் வயது வரம்பை முன்பே கேளுங்கள், சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கென்யாவில் குஜராத்திகள் தலைமுறைகளாக இருப்பதால் முகாம் சமையல்காரர்களுக்குப் பருப்பும் சப்பாத்தியும் பழக்கம்தான், முன்கூட்டிச் சொன்னால் போதும்.

## அம்போசெலி

யானைக்காக ஒரே ஓர் இடம் போக வேண்டும் என்றால் இதுதான். 392 சதுர கிலோமீட்டர், சின்னப் பூங்கா. பின்னால் எல்லைக்கு அப்பால் 5,895 மீட்டர் உயரத்தில் கிளிமஞ்சாரோ. மலையில் விழும் நீர் நிலத்தடியில் ஓடி வந்து இங்கே சதுப்பாகக் கிளம்புகிறது. காலையில் யானைகள் குடும்பம் குடும்பமாகச் சதுப்புக்கு நடந்து வரும், மாலையில் திரும்பிப் போகும். எங்கே, எப்போது பாதையைக் கடக்கும் என்பது வழிகாட்டிகளுக்கு அத்துப்படி. சின்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. இங்கே உள்ள யானைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே அடையாளம் வைத்திருக்கிறார்கள். வண்டி பக்கத்தில் நின்றாலும் பதறாத யானைகளை இவ்வளவு அருகில் பார்க்க வேறு எங்கும் இவ்வளவு எளிதல்ல.

மலை தெரிவது பெரும்பாலும் விடியலிலும் மாலையிலும்தான், மற்ற நேரம் மேகம் மூடிவிடும். காண்டாமிருகம் கிடையாது, சிறுத்தை கண்ணில் படுவது அரிது, சிங்கமும் மாரா அளவுக்கு இல்லை. வறண்ட மாதங்களில் உப்புப் படிந்த புழுதி கிளம்பும். ஆஸ்துமா இருப்பவர்களும் கேமராவில் லென்ஸ் மாற்றுகிறவர்களும் யோசிக்க வேண்டும். மூன்று இரவு இங்கே கொஞ்சம் அதிகம், இரண்டு போதும். மிஞ்சும் இரவை நைரோபிக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு மாராவைவிட இது பொருந்தும், தூரம் குறைவு, காலையில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே யானை கண்ணில் பட்டுவிடும்.

## தான்சானியா: தரங்கிரேயும் நொறுங்கோரோவும்

கிளிமஞ்சாரோ ஏறிவிட்டு இறங்குகிறவர்கள், சான்சிபார் தீவுக்குப் போகிறவர்கள் எனப் பலரும் சஃபாரி கிளம்பும் ஊரான அருஷாவில் வந்து நிற்பார்கள். மூன்று இரவு இருந்தால் உடனே செரெங்கெட்டி என்பார்கள். சாலை வழியாக என்றால் வேண்டாம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்குப் போகவே ஒரு பகல் ஆகிவிடும், திரும்ப இன்னொரு பகல். போகும்போதும் வரும்போதும் நொறுங்கோரோ பாதுகாப்புப் பகுதியைக் கடப்பதற்கு வரியோடு 70.80 டாலர் தலைக்குக் கட்ட வேண்டும். செரெங்கெட்டியின் நாள் கட்டணம் 82.60 டாலர், அது தனி. செரெங்கெட்டிதான் வேண்டும் என்றால் விமானத்தில் போய் மூன்று இரவும் அங்கேயே இருங்கள். பிப்ரவரியில் போகிறவர்கள் தெற்கே ந்டூட்டுப் பக்கம் தங்க வேண்டும், வில்டபீஸ்ட் குட்டி போடும் இடம் அது.

சாலை வழிக்கு நல்ல சேர்க்கை, தரங்கிரே பக்கத்தில் ஓர் இரவு, நொறுங்கோரோவுக்கு அருகே உள்ள கராட்டு ஊரில் இரண்டு இரவு. ஜூன் முதல் அக்டோபர் வரை தரங்கிரே ஆறுதான் சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர். பெரும் பாவோபாப் மரங்களுக்கு நடுவே யானைக் கூட்டங்கள் மணலைத் தோண்டிக் குடிப்பதைப் பார்க்கலாம். கடிக்கிற செட்சி ஈயும் உண்டு. கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும், அந்த நிறத் துணிகளைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

நொறுங்கோரோ என்பது எரிமலை உள்வாங்கியதில் உண்டான பள்ளம். சுமார் 600 மீட்டர் ஆழம், தரைப்பரப்பு ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். சிங்கம், எருமை, கழுதைப்புலி, கருங்காண்டாமிருகம், நீண்ட தந்தமுள்ள கிழட்டு ஆண் யானைகள் எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படலாம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் கீழே கிடையாது. இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வரியோடு 295 டாலர். ஆறு பேர் பங்கிட்டால் தலைக்கு ஐம்பதுக்குள் அடங்கும், இருவர் என்றால் ஏறக்குறைய 150 ஆகும். இருவராகப் போகிறவர்கள் பிறரோடு வண்டியைப் பகிர்வது நியாயமான ஒரே இடம் இதுதான் என்பேன், பள்ளத்துக்குள் எல்லா வண்டியும் ஒரே பாதையில்தான் சுற்றுகிறது. விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். மதியம் நீர்யானைக் குளத்தருகே சாப்பிட நிறுத்துவார்கள். அங்கே பருந்துகள் கையிலிருக்கும் சாண்ட்விச்சை விரல் படாமல் பறித்துக்கொண்டு போகும், வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கழிப்பறை உள்ள நிறுத்தம் என்பதும் பெரியவர்களுக்கு முக்கியம். மாராவில் பெரும்பாலும் வண்டிக்குப் பின்னால் புதர்தான்.

## குரூகரும் சாபி சாண்டும்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் சொந்தமாக வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கான பூங்கா, தார்ச்சாலையே உண்டு. வழிகாட்டியோடு குறுகிய பயணம் என்றால் அதை ஒட்டி வேலியில்லாமல் கிடக்கும் சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களைப் பார்க்க வேண்டும். திறந்த வண்டி, முன்னால் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர், ஸ்டீயரிங்கில் வழிகாட்டி. ஒரு விலங்கருகே பொதுவாக மூன்று வண்டிக்கு மேல் விட மாட்டார்கள். சிறுத்தையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விலையில் உணவும் சுற்றுகளும் அடக்கம் என்பதால் பின்னால் வரும் செலவுகள் குறைவு. தொடக்க விலையே உயரம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் அகன்ற புல்வெளியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும். இது முள்புதர்க் காடு, மே முதல் செப்டம்பர் வரை இலை உதிர்ந்திருக்கும்போதுதான் பார்வை எட்டும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பல இடங்களில் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். இந்தியர்கள் நுழைவு அனுமதியை முன்பே எடுத்தாக வேண்டும். மலேரியா மாத்திரை இந்தப் பட்டியலில் உள்ள எல்லா இடங்களுக்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது. வேண்டவே வேண்டாம் என்றால் ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே மலேரியா இல்லாத பிலானஸ்பர்க் இருக்கிறது.

## ஒரே பகல்தான் என்றால்

நைரோபி தேசியப் பூங்கா. 1946-இல் தொடங்கிய, 117 சதுர கிலோமீட்டர் பூங்கா. நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். காண்டாமிருகத்துக்கு மாராவைவிட இங்கே வாய்ப்பு அதிகம், யானை மட்டும் இல்லை. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றால் பதினோரு மணிக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம். ஒரே நாளில் மாராவுக்குப் போய் வருவதாக விற்பதை விட இது பல மடங்கு மேல்.

## பணம் கட்டும் முன்

வழிகாட்டியின் தகுதியைக் கேளுங்கள். கென்யாவில் கே.பி.எஸ்.ஜி.ஏ. என்ற வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் தருகிறது. வெள்ளித் தர வழிகாட்டி கிடைப்பாரா என்று எழுத்தில் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று ஏஜென்சிக்குப் புரிந்துவிடும். வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், தங்குமிடம் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை நாள் சீட்டு, கிலோமீட்டர் வரம்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டிப்ஸ் வண்டிக்கு நாளுக்குச் சுமார் 20 டாலர் என்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து கென்யா போகிறவர்கள் திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் வைக்கலாம். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் போகும்போதும் கேட்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நேராகத் தென்னாப்பிரிக்கா போய்த் திரும்புவதுதான் சிக்கலில்லாத வழி, மேலே சொன்ன மற்றக் கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், டிக்கெட் போடும் முன்பே ஊசிக்கான நாளைக் கேட்டு வைத்துவிடுங்கள்.